ஒரு லட்சம் கேட்ட அம்மாள்

ஸ்ரீபெரும்புதூரில் இந்நாளில் பொழுது விடிவது பெருமாள் கோயில் மணியோசையில் அன்று. தொழிற்சாலை பஸ்களின் ஊதலில். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று சுற்றுப்புறமெங்கும் கார்களும் கைப்பேசிகளும் பிறந்த வண்ணம் இருக்கின்றன. 2024ஆம் வருஷத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென்றே ஒரு விடுதி திறந்தார்கள். இருந்தும் நம் வீட்டு மாடியறைக்கு ஒரு பெண் குடிவந்து சேர்ந்தாள். கொடுமுடிப் பெண். இராத்திரி வேலைக்குப் போய் விடியற்காலையில் திரும்புவாள். நம்மிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' படம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வையார் தோன்றியதுதான் தாமதம், அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தப் பாட்டி எங்க ஊருங்க! ரொம்ப சாதுங்களாம். சாமி பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாதுங்களாம்" என்றாள்.

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவளைக் குறை சொல்லி என்ன பயன்? நம் குடும்பங்களிலும் ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளை வெள்ளைப் புடவையும் விபூதியுமாகத்தானே பூஜையறைப் படம்போல் மாட்டி வைத்திருக்கிறோம்? ஆகவே அன்று சாயங்காலம் வரையில் அவளுக்குக் கதை சொல்லும்படி ஆயிற்று.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தகப்பனார் இளமையிலேயே காலமாகிவிட்டார். குடும்பத்தில் வறுமை. சிறுமி ரயில் வண்டியில் பாடிக் காசு வாங்கினாள். அப்படிப் பாடியபோதுதான், ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடக அபிமானியுமான எப். ஜி. நடேசய்யர் அந்தக் குரலைக் கேட்டார். நாடகக் கம்பெனியில் சேர வழி பிறந்தது. முதலில் கிடைத்தது ஆண்பிள்ளைக் குழந்தை வேஷம். பிறகு கொழும்பு மேடை. அங்கே எஸ். ஜி. கிட்டப்பா. இருவரும் சேர்ந்து பாடினால் கொட்டகை கொள்ளாது. 1927இல் அவரை மணந்தார். கிட்டப்பாவுக்கு முன்னமே ஒரு மனைவி உண்டு. அந்த மணவாழ்க்கையில் சுகத்தைவிடக் கண்ணீர்தான் அதிகம். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்போது 25 வயது. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசி வரையில் மாற்றவில்லை. எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி செய்துகொண்டார்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதை. இதற்குப் பின்னால் வருவதில்தான் நமக்கு ஒரு தகராறு உண்டு.

அஸன்தாஸ் என்ற பட முதலாளி 'நந்தனார்' பேசும் படத்துக்கு அம்மையாரை அழைத்தார். அம்மையாருக்கு இஷ்டமில்லை. அவரை விரட்டுவதற்காக, "ஒரு லட்சம் ரூபாய் கொடுங்கள்" என்றாராம். முதலாளியோ ஒப்புக்கொண்டுவிட்டாராம். பவுன் முப்பது ரூபாய்க்குள் விற்ற காலம் அது! மூவாயிரம் பவுனுக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1935இல் படம் வெளிவந்தது. மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக வர, அம்மையார் ஆண் வேஷத்தில் நந்தனாராக வந்தார்.

விரட்டுவதற்காகச் சொன்ன தொகை என்றே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் ரயிலில் காலணாவுக்குப் பாடிய குழந்தைக்குத் தன் குரலின் விலை தெரியாமலா இருந்திருக்கும்? கொட்டகை நிரம்பியதையும் இசைத்தட்டுக்கள் விற்றதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லையா? ஒரு பெண்பிள்ளை கூசாமல் தன் கூலியைக் கேட்டாள் என்று ஒப்புக்கொள்ள நமக்குத்தான் கூச்சம். அதனால், பணத்தை வெறுத்தே பணம் கேட்டாள் என்று கதையைத் திருப்பிவிட்டோம். இதே தொகையை ஓர் ஆண் நடிகர் கேட்டிருந்தால், "மனுஷன் கெட்டிக்காரன்!" என்று தீர்ந்திருக்கும்.

அந்தக் குரலை அவர் தேசத்துக்கு வாரி வழங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காந்தி மகாத்மாவைப் பற்றி அவர் பாடிய இசைத்தட்டு வீடுதோறும் ஒலித்தது. தீரர் சத்தியமூர்த்தி அவரைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துச் சென்றார். 1937ஆம் வருஷத் தேர்தலில் அம்மையாரின் பாட்டுக்கென்றே ஜனங்கள் திரண்டார்கள். பிரசங்கத்தையும் கேட்டுவிட்டுப் போனார்கள். (பிரசங்கிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.) சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களில், சென்னை மாகாண மேல்சபையில் அங்கத்தினராகவும் அமர்ந்தார். சினிமாக்காரர்கள் சட்டசபைக்குப் போவது நம் நாட்டில் இன்று பெரிய அதிசயமல்ல. அந்த வழியில் முதலில் நடந்தது இந்த அம்மாள்தான் என்பார்கள்.

1953இல் ஜெமினியின் 'அவ்வையார்' வந்தபோது அவருக்கு 44 வயதுதான். ஊரே பாட்டி என்று கையெடுத்துக் கும்பிட்டது. 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ, இவையெல்லாம் பின்னால் வந்தன. நமக்குப் பிடித்தது வேறொன்று. பாடிச் சம்பாதித்ததைக் கொண்டு, தாம் வறுமையில் வளர்ந்த அதே கொடுமுடியில் அம்மையார் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். பெயர் கே. பி. எஸ். 1969இல் திறப்பு விழா. மு. கருணாநிதி, எம். ஜி. ஆர்., ஜெயலலிதா மூவரும் வந்திருந்தார்கள் என்று சொல்லுவார்கள். அம்மையாரோ காங்கிரஸ்காரர்! கொட்டகைக்குக் கட்சி ஏது? டிக்கெட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சிதான்.

அம்மையார் 1980இல் காலமானார் என்று நாம் முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். அந்தப் பெண் வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஏனுங்கம்மா, அந்த ஒரு லட்சம் கேக்கறப்ப அவங்களுக்கு நாக்குக் குழறலீங்களா?"

"குழறியிருந்தால் தொகை குறைந்திருக்குமே" என்றோம்.

மறுநாள் காலையில் வேலையிலிருந்து திரும்பியவள், மாடிப்படி ஏறாமல் கூடத்தில் வந்து நின்றாள். சம்பளத்தைக் கூட்டித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டாளாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாராம். நமக்குப் பரம திருப்தி. "பலே!" என்றோம்.

"அப்புறம் ஒண்ணுங்கம்மா. மாடி அறைக்குத் தண்ணி ஒழுங்கா ஏற்றதில்லீங்க. வாடகையில முந்நூறு ரூபாய் குறைச்சுக்கோணும்."

நம் நாக்குத்தான் குழறியது. அஸன்தாஸ் ஞாபகம் வந்தது, ஒப்புக்கொண்டோம்.