மாமாவின் வயிறு

அன்புள்ள மாமா,

அம்மா போனில் எல்லாம் சொன்னாள். சாப்பிட்டு எழுந்த அரை மணியில் வயிறு மத்தளமாக உப்புகிறதாம், ஏப்பம் ஓயவில்லையாம். அத்தை கத்தரிக்காயைக் குறை சொல்ல, நீங்கள் அத்தை போடும் காரத்தைக் குறை சொல்கிறீர்களாம். மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சாப்பிட்டுவிட்டு மாடி ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது என்றீர்களாமே? அதை வாயு என்று முடிவு கட்டி சோடா குடிக்காதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் குடலுக்கு ரத்தம் அதிகம் தேவை, இதயத்துக்கு வேலை கூடும். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வந்தால்கூட நெஞ்சுவலி பளிச்சென்று தெரியாமல் போகலாம். மேல்வயிற்று அழுத்தம், வியர்வை, மூச்சுவாங்கல் என்றுதான் சிலருக்குத் தெரியும். நாளைக்கே போய் ஈசிஜி எடுங்கள். அது சரியாக இருந்தாலும் மாடிப்படி விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்தும் அடைப்பு விடவில்லை என்றால் உடனே 108.

அடுத்து சர்க்கரைக்கு நீங்கள் போடும் மெட்பார்மின். போன மாதம்தான் 500ஐ 1000 ஆக்கினார்கள் இல்லையா? அளவு கூட்டும்போது உப்புசம், குமட்டல், பேதி பலருக்கும் வரும். நீங்களோ வெறும் வயிற்றில் போடுகிறீர்கள். சாப்பாட்டோடு போடுங்கள். மெதுவாகக் கரையும் வகை வயிற்றை அவ்வளவு படுத்தாது, கேட்டுப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குக் கோபம் முழங்காலுக்கு நீங்கள் விழுங்கும் டைக்ளோபினாக் மேல்தான். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும் சுரப்பையே அது குறைத்துவிடும். வலி போகும், புண் வரும், சிறுநீரகத்துக்கும் கேடு. மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வகை மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும்தான். கிருமியால் அல்சர் வரும் என்பதைப் பலரும் நம்பாதபோது பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். பிடிவாதத்தில் உங்களுக்கு அண்ணன்! அத்தையை விட்டுவிடுங்கள், பாவம்.

ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா, பதினொன்றுக்குப் படுக்கை என்பதையும் மாற்றுங்கள். நடுவில் இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். சர்க்கரை பல வருஷம் இருந்தால் நரம்பு தளர்ந்து இரைப்பை காலியாகவே நேரம் எடுக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேன் பார்ப்பார்கள்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துப் போங்கள். முழங்கால் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்துவைக்க வேண்டாம், அத்தையிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
செல்வி