கியர்பாக்ஸ் மேல் மட்டும் பழி போடலாமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை. கார்ப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேறென்ன வேண்டும்?

அப்படி ஒரு இளைஞர், செகண்ட் ஹேண்டில் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 2013-ல் இந்தியாவுக்கு வந்த கார். ஃபெராரியைப் போஸ்டரில் மட்டும் பார்க்கிற நடுத்தர வர்க்கத்துக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்!

வாங்கிய பிறகு கை சும்மா இருக்குமா? எஞ்சின் கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஏற்றியாயிற்று. ரீமேப் என்பார்கள். கூடவே பெரிய டயர், டிக்கியில் ஆம்ப்ளிஃபயர். ஒரு மாதம் வண்டி பறந்தது. பிறகு ஒரு நாள் கல்பாக்கம் பக்கம் பஸ்ஸை ஓவர்டேக் செய்யும்போது ஆர்பிஎம் முள் விர்ரென்று ஏறியது, வண்டி நகர மறுத்தது. எதிரே லாரி. நல்லவேளையாகப் பின்வாங்க இடம் இருந்தது.

"கியர்பாக்ஸ் காலி மச்சான்" என்பார்கள் நண்பர்கள். மாற்றுவதென்றால் பேச்சே லட்சத்தில்தான். அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

அவசரப்பட வேண்டாம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இந்தக் காரில் இருப்பது 7 கியர் டிஎஸ்ஜி. இரண்டு உலர் கிளட்ச்சுகள். ஒன்று 1, 3, 5, 7-வது கியர்களுக்கு, மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. இது தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது கொடுப்பது 175. ரீமேப் செய்தால் 230, 240 என்று ஏறிவிடும். எல்லைக்குள்தானே என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே பரனூர் டோல்கேட் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்த கிளட்ச்சுக்கு அந்த மிச்சம் இருக்காது.

இன்னொரு சங்கதி உண்டு. 'இப்போது இவ்வளவு விசை தருகிறேன்' என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நம்பித்தான் கிளட்ச்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று அது முடிவு செய்கிறது. அரைகுறை ரீமேப் இந்தக் கணக்கைக் குறைத்துச் சொன்னால் பிடி தளரும், கிளட்ச் வழுக்கும். பொய் சொன்னது எஞ்சின், பழி கியர்பாக்ஸுக்கு!

எனவே செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். முதலில் பேட்டரி. கிளட்ச்சையும் கியரையும் இயக்கும் எண்ணெய் அழுத்தத்தைத் தருவது ஒரு மின்சாரப் பம்ப். வோல்டேஜ் குறைந்தால் அது தடுமாறும். ஆம்ப்ளிஃபயர் மாட்டும்போது எர்த் வயரைச் சரியாக முடுக்கினார்களா? கடலோர உப்புக்காற்றில் அந்த இணைப்பு பச்சை பூத்திருக்கிறதா? டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

அடுத்து ஸ்கேனர். பிழைக் குறியீடு எஞ்சின் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா என்று பார்க்க வேண்டும். குறிப்பெடுக்கும் முன் அழித்துவிடக் கூடாது. அழித்தால் தடயம் போச்சு.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. காலியான சாலையில் மேனுவல் மோடில் 4-வது கியர், 2000 ஆர்பிஎம், அங்கிருந்து முழு ஆக்சிலேட்டர். வேக வரம்பைத் தாண்டத் தேவையில்லை. முள்ளைக் கவனிப்பது பக்கத்து சீட் நண்பரின் வேலை. முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. முள்ளும் வேகமும் சேர்ந்தே தடுமாறினால் எஞ்சின் பக்கம் போக வேண்டும்: ஸ்பார்க் பிளக், டர்போ குழாய்க் கசிவு. 5-வது கியரில் அதையே செய்தால் இரண்டாவது கிளட்ச்சா முதலாவதா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி அதே சாலையில் அதே சோதனை. வழுக்கல் நின்றால் ரீமேப்பைச் சரிசெய்ய வேண்டும். நிற்காவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அப்போதும் மாற்ற வேண்டியது கிளட்ச்தான், முழு கியர்பாக்ஸ் அல்ல.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வாரண்ட்டி போய்விடும் என்று பயந்து, "எதுவும் பண்ணலைண்ணா, அப்படியேதான் இருக்கு" என்று மெக்கானிக்கிடம் சாதிப்பார்கள். பாவம், அவர் நல்ல பாகங்களாகப் பார்த்து மாற்றிக்கொண்டிருப்பார். இன்னொன்று: கம்பெனி வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்பதைவிட, இப்போதே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அந்தப் பட்டியலில் மெக்கானிக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். எதிரே வரும் லாரிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.