200 அடிக்குள்

2017 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஈராக், ஈரான், சிரியா, யெமன், லிபியா, சோமாலியா, சூடான் ஆகிய ஏழு நாட்டினர் அமெரிக்காவுக்குள் நுழைய அதிபர் டிரம்ப் தற்காலிகத் தடை விதித்துக் கையொப்பமிட்ட நாள் அது. நான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். அப்பட்டியலில் என் நாடு இல்லை. ஆயினும் அன்று மாலை தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவன் ஏறக்குறைய ஒரு வாரம் எழவில்லை என்றே சொல்ல வேண்டும். விமான நிலையங்களில் திரண்ட மக்கள், மறுநாள் இரவே புரூக்ளின் நீதிமன்றத்தில் பிறந்த இடைக்கால ஆணை, அதைக் குறித்து எட்டுக் கட்டங்களுக்குள் இருந்து எட்டுப் பேர் கூச்சலிட்ட விவாதங்கள் என எதையும் விடவில்லை. துணைவியார் சாப்பிட அழைத்தபோதெல்லாம் "இதோ" என்றேன்.

அந்த நாட்களில்தான் நகராட்சித் திட்டக் குழுவிடமிருந்து விசாரணை அறிவிப்பு ஒன்று பதிவுத் தபாலில் வந்தது. இவ்வாறான விண்ணப்பம் விசாரணைக்கு வரும்போது, அந்த மனையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்போருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது நியூ ஜெர்சி சட்டம். எங்கள் தெருமுனையில் பழைய வீடொன்றைத் தொழுகைக்கூடமாக நடத்தி வந்த ஜமாஅத்தார், அதை விரிவாக்க அனுமதி கேட்டிருந்தனர். கையொப்பமிட்டு வாங்கிய உறையைத் தள்ளுபடி விளம்பரத் தாள்களோடு போட்டு மறந்துவிட்டேன். முதல் அமர்வு நடந்த இரவு, அமெரிக்க முஸ்லிம்களின் எதிர்காலம் என்ன என்ற விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஜமாஅத் கூட்டம் என்றால் எங்கள் வாப்பா காய்ச்சலோடும் போவார்கள்.

எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மின்பணியாளர். 2016 தேர்தலின்போது அவர் வீட்டுப் புல்வெளியில் டிரம்பின் பெயர் தாங்கிய அட்டை நின்றது. அன்றுமுதல் அவருக்கு முகமன் கூறுவதைக் குறைத்துக்கொண்டேன். டிசம்பரில் ஒருநாள் அவர் என்னை நிறுத்தி, "வெள்ளிக்கிழமைகளில் உங்கள் ஆட்கள் என் வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறார்கள்" என்றார். 'உங்கள் ஆட்கள்' என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. "போலீஸில் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு உள்ளே போனேன்.

என் ஐயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இதே மாநிலத்தில் பெர்னார்ட்ஸ் என்ற ஊரில் பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்தவர்களை 39 அமர்வுகளுக்கு அலையவைத்து, 2015 டிசம்பரில் மறுத்துவிட்டார்கள். மூன்று பேருக்கு ஒரு வண்டியிடம் என்று தேவாலயங்களுக்குப் பொருந்திய விதிப்படி 50 இடங்கள் போதும். பள்ளிவாசலுக்கோ 107 கேட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2017 மே மாதத்தில் 32.5 லட்சம் டாலர் கொடுக்க ஒப்பி அந்த ஊர் சமரசம் செய்துகொண்டது. அங்கே வண்டி நிறுத்தம் என்பது வண்டி நிறுத்தம் அன்று.

மார்ச் மாத அமர்வுக்குமுன் ஜமாஅத் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "இந்தத் தெருவில் சொந்த வீடுள்ள முஸ்லிம் நீங்கள் ஒருவர்தான். இதற்காவது வாருங்கள்." குரலில் கோபம் இல்லை, அதுதான் உறுத்திற்று.

நகராட்சிக் கூடத்தில் இருபது பேர் இருந்திருப்போம். மழைநீர் வடிகால் பற்றிப் பொறியாளர் ஒருவர் அரைமணி நேரம் பேசினார். பத்திரிகையாளருக்கென்று ஒதுக்கிய மேசை காலியாக இருந்தது. எங்கள் ஊர்ச் செய்தி போட்டுவந்த வார இதழ் நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடு முழுதும் முஸ்லிம்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில், நாங்கள் எங்கே தொழுவது என்பதை முடிவுசெய்யும் அறையில் ஒரு கேமராகூட இல்லை.

எதிர்வீட்டுக்காரர் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பேசினார். அவருடைய தாயார் சக்கர நாற்காலியில் இருப்பவர். வெள்ளிதோறும் பகல் ஒரு மணிக்கு மருத்துவமனை வேன் வரும். வாசல் மறிக்கப்பட்டதால் இருமுறை வேன் தெருமுனையிலேயே நின்றுவிட, பனிச்சேற்றில் தாயாரைத் தள்ளிக்கொண்டு போனாராம். மார்க்கத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அவருக்குப் பின் பேசிய பெண்மணியும் வண்டி நிறுத்தத்தில்தான் தொடங்கினார், ஷரீஅத்தில் முடித்தார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் இருவரையும் ஒரே கணக்கில் எழுதியிருப்பேன்.

என் சட்டைப்பையில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பற்றி இரண்டு பக்க உரை இருந்தது. அதை எடுக்கவில்லை. "இவர் டிசம்பரிலேயே என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. தவறு என்னுடையது" என்று மட்டும் கூறி அமர்ந்தேன். செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் தரப்புக்கு அது உதவியதா, கெடுத்ததா என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

கோடையில் அனுமதி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஜும்ஆ நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

2024 தேர்தலில் அதே புல்வெளியில் அதே பெயருடன் அட்டை மீண்டும் நின்றது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவருடைய தாயார் காலமாகிவிட்டார். ஆனாலும் அந்த வாசலில் ஆரஞ்சுக் கூம்புகள் வைப்பதை நிறுத்தவில்லை. இந்த வெள்ளி என் முறை. குத்பா பாதி முடிந்த பிறகே உள்ளே போக முடியும். கடைசி வரிசைதான் கிடைக்கும்.