கருணைத் தொகை

பாட்னாவுக்குக் கிழக்கே, கங்கையின் தென்கரையில் கிடக்கும் மொகாமா தால் வினோதமான நிலம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அது ஏரி. தெற்கிலிருந்து பாயும் ஆறுகளின் வெள்ளமும் வடிய வழிவிடாத கங்கையும் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் ஹெக்டேரை மூழ்கடித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் ஈர வண்டலில் கொண்டைக்கடலையும், தமிழ்நாட்டில் மைசூர்ப் பருப்பு என்ற பெயரில் விற்கும் மசூரும் விதைப்பார்கள். பெரும்பாலான வயல்களுக்கு இதுதான் வருடத்தின் ஒரே போகம். 'பருப்புக் கிண்ணம்' என்று பீகார் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இந்த மண்ணில், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சில மாதப் பயிரை நம்பி நிற்கிறது.

அந்தப் பயிரைத் தேடி இரவில் வருகிறது நீல்காய். கூட்டமாக வரும். தின்பது பாதி, மிதித்து நாசமாக்குவது மீதி. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். சாதாரண முள்வேலி அதற்கு ஒரு பொருட்டல்ல. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டும் தீ மூட்டிக்கொண்டும் குளிர்கால இரவுகளைப் பரணில் கழிப்பது விவசாயியின் தலையெழுத்து. துரத்தினால் பக்கத்து வயலுக்குப் போகும். பக்கத்து வயல்காரர் துரத்தினால் திரும்பி வரும்.

நீல்காய் பசு அல்ல. ஆசியாவின் மிகப் பெரிய இரலை அது. மாட்டுக் குடும்பத்தோடு தூரத்து உறவு உண்டு என்பார்கள் விலங்கியல் அறிஞர்கள். ஆனால் பால் தராது, ஏர் இழுக்காது. பீகார் கிராமங்களில் 'கோட்பராஸ்' என்று குதிரையைச் சேர்த்தும் அழைப்பார்கள். இருந்தும் 'நீல்காய்', அதாவது நீலப் பசு என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயரில் பசு இருப்பதால் வட இந்திய விவசாயியின் கை அதன் மேல் எளிதில் ஓங்குவதில்லை. புலியும் ஓநாயும் பெரும்பாலும் மறைந்துபோன கங்கைச் சமவெளியில் அதை வேட்டையாட வேறு விலங்கும் அநேகமாக இல்லை.

2015 டிசம்பர் 1 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இன்னொரு பெயர் சூட்டியது. பீகாரின் பல மாவட்டங்களில் நீல்காயும் காட்டுப்பன்றியும் 'வெர்மின்' என்று, அதாவது தீங்கு தரும் விலங்குகள் என்று, ஓராண்டுக்கு அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. அறிவிப்பு வந்த பகுதியில் அந்த விலங்கைக் கொல்வது குற்றமாகாது. 2016 ஜூனில் ஹைதராபாத்திலிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். மொகாமாவில் ஒரு வாரத்துக்குள் 200க்கும் மேற்பட்ட நீல்காய்கள் சுட்டுத் தள்ளப்பட்டன.

டெல்லியில் புயல் கிளம்பியது. மத்திய அமைச்சர் மேனகா காந்தி தன் சக அமைச்சரின் துறையையே கடுமையாகச் சாடினார். சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரோ, விவசாயிகள் படும் பாட்டை முன்வைத்து மாநில அரசு கேட்டதால்தான் அனுமதித்தோம் என்றார். உச்ச நீதிமன்றம் அறிவிப்புக்குத் தடை விதிக்க மறுத்தது. ஒரே அமைச்சரவைக்குள் கருணையும் துப்பாக்கியும் எதிரெதிரே நின்ற காட்சி பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. அந்தச் சத்தத்தில் ஒரு சின்னக் கேள்வி காணாமல் போனது. நீல்காய் உயிரோடு இருக்க வேண்டும் என்றால், அதன் தீனிச் செலவு யாருடையது?

துப்பாக்கி பிரச்சினையைத் தீர்த்ததா? 2019இல் வைசாலி மாவட்டத்தில் அடிபட்ட நீல்காய் ஒன்றை ஜேசிபி இயந்திரம் குழியில் தள்ளி உயிரோடு புதைக்கும் காட்சி செல்போன்களில் பரவி நாட்டையே உலுக்கியது. அறிவிப்புகள் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் நீல்காய் வயலில்தான் இருந்தது. அதைக் கையாளும் விதம் மட்டும் இன்னும் கேவலமாகியிருந்தது.

இந்தியாவில் காட்டுயிர் என்றதும் சரணாலயமும் அதன் எல்லைக்கோடும் நினைவுக்கு வருகின்றன. ஜிம் கார்பெட் 20 ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கு மாற்றும் வேலை பார்த்தது இதே மொகாமா காட்டில், கங்கைப் படித்துறையில். அவர் பெயரைத் தாங்கிய பூங்கா உத்தராகண்டில் இருக்கிறது. புலித் திட்டம் 1973இல் அங்குதான் துவக்கப்பட்டது. மொகாமாவில் பூங்காவும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. வயலும் ஆற்றோரப் புதரும்தான் நீல்காயின் காடு. அதாவது இங்கே சரணாலயத்தை நடத்துபவர் விவசாயி. அதுவும் தன் செலவில்.

அந்தச் செலவை ஈடுகட்ட அரசு தரும் பணத்துக்கு அரசாங்கக் கோப்புகளில் 'எக்ஸ் கிரேஷியா' என்று பெயர். தமிழில் கருணைத் தொகை. வனவிலங்கு தாக்கி ஒருவர் இறந்தால் மத்திய அரசு நிர்ணயித்த இந்தத் தொகை 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயிருக்கு எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தொகை கூடலாம், குறையலாம். ஆனால் பெயரிலேயே கோளாறு இருக்கிறது. இழப்பீடு என்பது உரிமை. கருணை என்பது கொடுப்பவரின் மனசு. நாட்டுக்காக விலங்கைத் தீனி போட்டு வளர்த்தவர், விண்ணப்பத்தோடு கருணைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்கள் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அங்கே நீல்காய்க்குப் பதில் பனிச்சிறுத்தை. பயிருக்குப் பதில் கால்நடை. சுமார் 4,200 மீட்டர் உயரத்திலுள்ள கிப்பர் கிராமத்தை ஒட்டி ஆராய்ச்சியாளர் சாருதத் மிஸ்ரா நடத்திய ஆய்வு 1997இல் வெளியானது. மூன்று கிராமங்களின் 80 குடும்பங்கள், 18 மாதங்களில் தங்கள் கால்நடைகளில் 18 சதவீதத்தைப் பனிச்சிறுத்தைக்கும் ஓநாய்க்கும் பறிகொடுத்ததாகச் சொன்னார்கள். அரசிடமிருந்து வந்ததோ அவர்கள் சொன்ன ஆண்டு நஷ்டத்தில் 3 சதவீதம்.

அதன்பின் மைசூரிலிருந்து இயங்கும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசியது. மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென்று ஊரே ஒதுக்கியது. 2002இல் கால்நடைக் காப்பீடு துவங்கியது. மாட்டின் சொந்தக்காரர் பிரீமியம் கட்டுவார்; வெளிப்பணமும் சேரும். யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்க்குழு தீர்மானிக்கும். செத்த மாட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பொய் சொல்ல முடியாது. ஆகவே கணக்கும் நேராக இருக்கும், பணமும் சீக்கிரம் வரும். கருணைக்கு அங்கே வேலையில்லை.

மலைக் கிராமத்தின் ஏற்பாட்டைச் சமவெளியில் அப்படியே நட்டுவிட முடியாதுதான். 80 குடும்பங்கள் வேறு, ஒரு லட்சம் ஹெக்டேர் வேறு. எண்ணிக்கை எல்லை மீறும் இடத்தில் நீல்காயைக் குறைக்கவும் வேண்டியிருக்கலாம். ஆனால் செலவைப் பங்கிட்டுக்கொள்வது என்ற அடிப்படை எங்கும் பொருந்தும். 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், வனவிலங்குகள் அழிக்கும் பயிரும் 2026 காரிஃப் பருவத்திலிருந்து பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும் என்று அறிவித்தது. விவசாயி 72 மணி நேரத்துக்குள் படத்தோடு தெரிவிக்க வேண்டும். நல்ல துவக்கம். ஆனால் திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களுக்குத்தான் இது பயன்படும். பீகார் 2018இலேயே அதிலிருந்து விலகிய மாநிலம்.

நீல்காயைக் கொல்லாதே என்று நகரம் சொல்வதில் தவறில்லை. சொல்லட்டும். மொகாமாவின் பருப்பைச் சாப்பிடும் நகரம்தான் அது. பரணில் உட்கார்ந்து இரவுக் காவல் காக்க அதனால் முடியாது என்றால், காவல்காரருக்குக் கூலி கொடுப்பதுதான் முறை. அதைக் கருணை என்று கணக்கெழுதக் கூடாது.