தலையில் ஒட்டிய பெயர்

"அண்ணே, இது ஒரிஜினல்தானே?"

பிறையிலிருந்து அப்பாவோடு வந்திருந்த பையன் கேட்டான். பதினேழு வயதிருக்கும். ஜெலுத்தோங்கில் உள்ள அம்மா வீட்டு சோபாவில் என் பேஸ் கிட்டார் சாய்ந்திருந்தது. அதன் தலைப்பகுதியில் ஃபெண்டர் என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பெயரை அங்கே ஒட்டியவன் நான்தான்.

விற்கும் காரணம் சாதாரணமானது. மனைவிக்கு எட்டாவது மாதம். கோலாலம்பூரில் எங்கள் வாடகை வீட்டில் இதை வைக்க இடமில்லை. அம்மா வீட்டில் விட்டு வைத்தால் கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. குழந்தைக்குக் காரில் பொருத்தும் இருக்கை வேறு வாங்க வேண்டும். 1,200 வெள்ளி என்று இணையத்தில் விளம்பரம் போட்டேன். 'ஃபெண்டர்' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. தலைப்பகுதி நன்றாகத் தெரியும்படி ஒரு படம் மட்டும் போட்டேன். வானொலியில் தினமும் விளம்பரம் வாசிக்கிறவன் நான். சொல்லாமல் விடும் வார்த்தை எவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

இந்த பேஸை நான் கடையில் வாங்கவில்லை. 2011இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறை மாணவனாக இருந்தபோது சேர்த்துச் சேர்த்துச் செய்தது. உடல் பகுதி, ஸ்டேடியம் பக்கத்து லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கடிகாரங்களுக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவில் கிடந்தது. 60 வெள்ளி கொடுத்தேன். கழுத்துப் பகுதி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நண்பன் விட்டுச் சென்றது. ஒலியை வாங்கும் பிக்கப், பகுதி நேர வேலையின் முதல் சம்பளத்தில் வாங்கியது. கம்பியை முறுக்கும் டியூனர்கள், உடைந்துபோன வேறொரு பேஸிலிருந்து கழற்றியவை.

இப்படிச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர். அதுவரை இசைக்குழுக்களில் அடிநாதம் தந்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல், உடலோடு நான்கு திருகாணிகளால் பொருத்தினார். பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம். 1960இல் மெலிந்த கழுத்தோடு ஜாஸ் பேஸ் வந்தது. கம்பியின் நீளம் இரண்டிலும் ஒன்றுதான், 34 அங்குலம். பிற நிறுவனங்களும் அதே அளவில் செய்ய ஆரம்பித்ததால், ஒன்றின் கழுத்து இன்னொன்றின் உடலில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

என்னுடையது சரியாக உட்காரவில்லை. கழுத்தின் சாய்வு சரியில்லாமல் கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றன. ரேப்பிட் பினாங்கு பஸ் டிக்கெட்டை நான்காக மடித்து, கழுத்துக்கு அடியில் வைத்து முடுக்கினேன். சரியாகிவிட்டது. அந்த டிக்கெட் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.

பாட்டில் பேஸை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்கவும் கேட்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டே வெறுமையாகிவிடும். இளையராஜா பாடல்களில் சசிதரனின் விரல்களையும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் விரல்களையும் ஹெட்ஃபோன் மாட்டித் தேடித் தேடிக் கேட்ட காலம் அது. போதாக்குறைக்கு, டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் அலிகேட்ஸ் குழுவைத் தொடங்கிய ஊர் இது. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடிய மலாய்ப் பாடல்களை நாடே பாடியது. நமக்கும் ஒரு மேடை கிடைக்காதா என்ற ஆசை இருக்காதா?

மேடை கிடைத்தது, கல்யாண மண்டபங்களில். முதல் நிகழ்ச்சியிலேயே, "இது என்ன பிராண்டு?" என்று வேறொரு குழுக்காரர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். அடுத்த வாரமே பத்து வெள்ளிக்கு அந்த ஒட்டுப்படத்தை வாங்கி ஒட்டினேன். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. குழு கலைந்தபிறகும் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்பளத்தில் சேர்த்த காசு என்று அவன் அப்பா முன்பே சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறையில் பேரங்காடியில் பெட்டி தூக்கியிருக்கிறான்.

"இல்ல தம்பி," என்றேன். "பேரு மட்டும்தான் ஃபெண்டர். அதுவும் நான் ஒட்டினது."

அவன் முகம் வாடிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேஸைத் தூக்கி மடியில் கவிழ்த்து, பின்பக்கத் திருகாணிகளை விரலால் தடவிப் பார்த்தார். கார் பட்டறை வைத்திருப்பவராம். நகங்களில் எண்ணெய்க் கறுப்பு.

"எந்தெந்தச் சாமான் எங்கேர்ந்து வந்துச்சு?"

சொன்னேன். 60 வெள்ளி உடல், நண்பனின் கழுத்து, எல்லாவற்றையும்.

"எங்க பட்டறையிலயும் இதே கதைதான் தம்பி. ஜப்பான்லேர்ந்து வர்ற ஹாஃப்கட் இன்ஜின எடுத்து இங்க உள்ள வண்டியில போடுறோம். நல்லா ஓடும். ஆனா என்ன போட்டோம்னு சொல்லிடணும். சொல்லாம வித்தா, பின்னாடி ரிப்பேர் பாக்குறவன் தலையப் பிச்சிக்குவான்."

பையன் வாசித்துப் பார்த்தான். ஒலி அவனுக்குப் பிடித்திருந்தது. 550 வெள்ளிக்கு முடிந்தது. கலவை உதிரிகளால் ஆன கருவிக்கு, அந்த உதிரிகளின் மொத்த விலைகூடக் கிடைப்பது அரிது. பெயர் இல்லாவிட்டால் இவ்வளவுதான். குழந்தை இருக்கைக்கு மீதியைச் சம்பளத்திலிருந்துதான் போட்டேன். இரண்டு நாள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அம்மாவின் ஹேர் டிரையரைச் சூடாக்கி, நகத்தால் சுரண்டி, ஒட்டுப்படத்தை எடுத்தோம். பிறகு ஒரு தாளில் எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்று வரிசையாக எழுதிப் பையனிடம் நீட்டினேன். அப்பா அதை வாங்கிப் படித்தார்.

"அந்த பஸ் டிக்கெட்ட எழுதலியே," என்றார். "நாளைக்கு யாராச்சும் கழட்டினா குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

பேனாவைத் திரும்ப வாங்கி, அதையும் எழுதிக் கொடுத்தேன்.