தும்பிக்கை வைத்த 'லை'

ஜூன் 4
பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினோம். இன்லாண்ட் கடிதங்கள் மட்டும் 61. பிலாய் உருக்காலையில் வேலை பார்த்த 1976 முதல் 1989 வரை மதுரைக்கு எழுதியவை. அடியில் அம்மாவின் கோல நோட்டு. ஒரு பக்கம் பால் கணக்கு, மறுபக்கம் கோலம். அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். நகை நட்டுக்கு அண்ணன் இருக்கிறார். இந்தக் கடிதத்தையும் கோலத்தையும் வைத்து ஒரு போர்வை தைத்துத் தருகிறேன் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 7
கடிதங்களையே வைத்துத் தைத்து, மேலே கண்ணாடித் தாள் போட்டுவிடலாம் என்றார் மதினி. மடிப்பு மடிப்பாக இற்றுப்போன தாளில் ஊசி இறங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வாங்கி வந்தேன். பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே காடாத் துணியை விரித்தால் எழுத்து தெரிகிறது. பென்சிலால் அதன்மேல் ஓட்ட வேண்டியதுதான். கரைக்கு அம்மாவின் சிவப்புச் சுங்குடி. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சாயம் வடிந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 15
ஆறு இழை நூலில் இரண்டை உருவிச் சங்கிலித் தையல். 'வேலை' என்ற சொல்லில் இன்று மாலை முழுக்கப் போனது. அப்பாவின் 'லை' பழைய லை. முன்னால் தும்பிக்கை தூக்கி நிற்கும். 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தி, ணை, லை, ளை, னை நான்குக்கும் தும்பிக்கையை எடுத்துவிட்டது. அப்பா விடவில்லை. 1989 கடிதத்திலும் அதே தும்பிக்கை. பெரியார் பேச்சை ஓடி ஓடிக் கேட்ட மனிதர், அவர் முன்வைத்த எழுத்தை மட்டும் கைக்குப் பழக்கிக்கொள்ளவே இல்லை. எத்தனையோ தடவை படித்த கடிதம்தான்; ஊசி வளைந்த இடத்தில்தான் இது கண்ணில் பட்டது. அண்ணன் மகள் எட்டிப் பார்த்து, "இது என்ன எழுத்து அத்தை, ஆனை மாதிரி?" என்றாள்.

ஜூன் 16
நாலே சொல். கழுத்து வலி.

ஜூன் 28
1982 டிசம்பர் கடிதம். பாதியில் பேனா மை தீர்ந்து, பச்சைப் பால்பாயின்டில் தொடர்கிறார். நானும் நீல நூலை முடிச்சுப் போட்டுவிட்டுப் பச்சைக்கு மாறினேன். அங்கே குளிர் தாங்கவில்லை, கடை ரஜாய் கனம், உன் பழஞ்சேலைப் போர்வை ஒன்று அனுப்பு என்று எழுதிவிட்டு, இடம் போதாமல் ஒட்டுகிற மடிப்பில் இரண்டு வரி ஏற்றியிருக்கிறார். அம்மா அவசரத்தில் விரலை விட்டுக் கிழித்ததில் அந்த வரியில் ஒரு சொல் போயே போய்விட்டது.

"என்னம்மா எழுதியிருந்தார்?"

"அவுக என்னத்த எழுதப் போறாக. பணம் அனுப்பியிருக்கேன்னு இருக்கும்."

மேலும் கீழும் படித்தால் அங்கே பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கிழிந்த விளிம்பை மட்டும் பழுப்பு நூலில் தைத்து, நடுவைக் காலியாக விட்டேன்.

ஜூலை 9
வங்காளத்தில் காந்தா என்ற போர்வை தைக்கும் பெண்கள் பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவுவார்களாம். நானும் உருவினேன். விரற்கடைக்கு ஒரு தரம் அறுந்தது. அந்தப் பொறுமை எனக்கில்லை; கடை நூலே போதும்.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை. மதுரை வெயிலுக்குப் பஞ்சுப் போர்வை தண்டனை. அம்மாவின் இரண்டு வாயில் சேலைகளை மடித்து வைத்தேன். ஒன்றரை அடிச் சதுரமாக ஒன்பது கட்டம்: நாலு கடிதம், நாலு கோலம், நடுவில் கல்யாணப் பெண் ஒன்றாம் வகுப்பில் வரைந்த அப்பத்தா. அந்தப் படத்தில் அம்மாவுக்குக் கழுத்தே இல்லை. கைக்கு ஏழு விரல். ஏழையும் தைத்தேன்.

ஜூலை 20
சிக்குக் கோலத்துக்கு முனை கிடையாது. நூலுக்கு உண்டு. எங்கே ஆரம்பிப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். "எங்க வேணா ஆரம்பிடி. புள்ளிய மட்டும் எண்ணி வை." நோட்டில் 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி என்று போட்டிருக்கிறது. கூட்டினால் 169. ஒவ்வொரு புள்ளிக்கும் ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு.

ஆகஸ்ட் 3
கடைசிக் கரையும் முடிந்தது. கட்டிலில் விரித்து அம்மாவைக் கூப்பிட்டேன். கடிதங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இத எப்படித் துவைக்கிறது?" என்று கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோலத்தின் மேல் விரலை வைத்து வரிசை வரிசையாக எண்ண ஆரம்பித்தார். பத்து நிமிடம் இருக்கும்.

"168தான்டி இருக்கு."

கீழ் வரிசையில் எட்டுக்குப் பதில் ஏழு. முகூர்த்தத்துக்கு இன்னும் 25 நாள் இருக்கிறது.