மெஸ் கணக்கும் ஒரு காலி மாறியும்

பி.காம். படிக்கிறவனுக்கு மேக்ஃபைல் எதற்கு என்று கேட்காதீர்கள். விடுதி மெஸ் கணக்கு என் தலையில் விழுந்தது. நாளுக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு, மாதத்துக்கு ஒரு ஃபோல்டர், கடைசியில் யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு பட்டியல். கோப்பு மாறினால் பட்டியலைத் திரும்பப் போட 'மேக்' இருக்கிறதே என்று இறங்கினேன். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது, இன்றும் ஓடுகிறது.

மேக் விதியில் மூன்று பகுதி: இலக்கு, அது சார்ந்திருக்கும் கோப்புகள், கீழே டேப் தட்டி எழுதும் கட்டளை. கட்டளையில் பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதாமலிருக்கத்தான் தானியங்கி மாறிகள். $@ இலக்கு, $< முதல் சார்பு, $^ எல்லாச் சார்புகளும், $* என்பது % பிடித்த பகுதி.

நான் எழுதியது (புரிவதற்காகத் தமிழில்):

%.பட்டியல் : $(வைல்ட்கார்டு தரவு/$*/*.சிஎஸ்வி)

ஜூன் பட்டியல் சரியாக வந்தது. பிறகு ஒரு நண்பன், "டேய், நான் நாலு நாள் ஊருக்குப் போயிருந்தேன்டா" என்றான். கோப்பைத் திருத்தி மேக் அடித்தேன். 'எல்லாம் புதிதாகவே இருக்கிறது' என்றது. நம்பி ஒட்டிவிட்டேன். அவனும் என்னை நம்பி நாலு நாள் காசைக் கூடுதலாகக் கட்டிவிட்டான். அடுத்த மாதம் கையால் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மேக் முதலில் விதிகளை எல்லாம் படித்து, சார்புப் பெயர்களை அப்போதே விரித்துவிடும். தானியங்கி மாறிகளுக்கு மதிப்பு கிடைப்பது பிறகு, கட்டளை ஓடும்போது. ஆக, சார்புப் பட்டியலில் என் $* காலி. 'தரவு//*.சிஎஸ்வி'யில் கோப்பே இல்லை. சார்பே இல்லாத இலக்கு, ஒரு தடவை உருவாகிவிட்டால் மேக்குக்கு எப்போதும் புதிதுதான். கட்டளைக்குள் அதே $* ஒழுங்காக வேலை செய்ததால் முதல் பட்டியல் சரியாக வந்து என்னை ஏமாற்றிவிட்டது!

மருந்து, 2006-ல் வந்த குனு மேக் 3.81 முதல் இருக்கிறது. விதிக்கு மேலே .செகண்டெக்ஸ்பேன்ஷன்: என்று ஒரு வரி. சார்பில் டாலரை இரட்டிக்க வேண்டும்:

%.பட்டியல் : $$(வைல்ட்கார்டு தரவு/$$*/*.சிஎஸ்வி)

முதல் வாசிப்பில் $$ ஒற்றை டாலராகி நிற்கும். இரண்டாவது முறை விரியும்போது மதிப்பு தயாராக இருக்கும்.

பிளஸ் ஒன்னில் படித்த விடு பிழைதான் இது. பதிவே இல்லாத நடவடிக்கை இருப்பாய்வில் தெரியாது, இரண்டு பக்கமும் அழகாகச் சமனாகும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். நண்பனிடம் காசைத் திருப்பிக் கொடுத்தபோது, "கம்ப்யூட்டர் கணக்குன்னு சொன்னதால கேக்கலடா" என்றான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.